பாய்: தரையில் விரித்தால் படுக்கை, மரத்தில் ஏற்றினால் பயணம்

என் அண்ணன் மகள் மலேசியாவின் பட்டர்வொர்த்தில் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். போன மாதம் அவளுக்கு வந்த பயிற்சித் தாளில் ‘பாய்மரக் கப்பல்’ என்ற சொல்லை வைத்து வாக்கியம் அமைக்கச் சொல்லியிருந்தார்கள். அவள் எழுதியது இது: “மாலுமி பாய்மரக் கப்பலில் பாய் விரித்துத் தூங்கினார்.”

இலக்கணப்படி ஒரு பிழையும் இல்லை. நான் சிரித்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “பின்னே கப்பல்ல எதுக்குப் பாய், சித்தப்பா?” என்றாள். பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான், என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை என்பது எனக்கே தெரிந்தது. பினாங்கில் பிறந்து கடலைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு இது கொஞ்சம் வெட்கம்தான். அன்றிலிருந்து தேடிச் சேர்த்ததை, அவளுக்குச் சொன்ன மாதிரியே இங்கே எழுதுகிறேன்.

கப்பலில் இருக்கும் பாயும் வீட்டில் இருக்கும் பாயும் ஒன்றுதான். உவமையாகச் சொல்லவில்லை, ஒரு காலத்தில் உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. பருத்தித் துணியில் தைப்பது பரவலாகும் முன்பு, உலகின் பல கரைகளில் காற்றைப் பிடிக்க ஓலையையும் கோரையையும் முடைந்துதான் கட்டினார்கள். மலாய்த் தீவுகளின் படகுகளில் தாழை இனத்து ஓலையில் முடைந்த பாய்கள் இருந்தன. மெங்குவாங் ஓலைப் பாய் என்றால் நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும், மலாய்க் கிராமத்து வீடுகளில் விருந்துக்கு விரிப்பார்களே, அதன் உறவு. சீனர்களின் ஜங்குக் கப்பல்களில் முடைந்த பாயின் குறுக்கே மூங்கில் சட்டங்களை வரிசையாக வைத்துக் கட்டுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய விசிறி மாதிரி இருக்கும். பிறகு துணி வந்தது, அதற்குப் பிறகு பாலியஸ்டர் வந்தது. பொருள் மாறியது, தமிழில் பெயர் மட்டும் மாறவில்லை. இன்றைக்குப் பந்தயப் படகில் ஏற்றுகிற நெகிழித் துணியையும் நாம் பாய் என்றுதான் சொல்கிறோம்.

எவ்வளவு பழைய சொல் என்று கேட்டால், புறநானூற்றின் 30ஆம் பாடலிலேயே ‘மீப்பாய்’ இருக்கிறது. மேலே ஏற்றிய பாயையும் கூம்பையும் களையாமலே ஆற்று முகத்துக்குள் நுழையும் பெரிய கலம் என்று வருகிறது. கூம்பு என்றால் பாய் கட்டும் மரம். பழந்தமிழில் பாய்க்கு ‘இதை’ என்றும் ஒரு பெயர் உண்டு. அது அகராதியோடு நின்றுவிட்டது. வீட்டுக்குள்ளும் வேலை வைத்திருந்த பாய்தான் பிழைத்தது.

இரண்டும் ஒரே பெயர் என்றாலும், நம் வாய் அவற்றைப் பிரித்தே வைத்திருக்கிறது. கவனித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ‘விரி’, ‘சுருட்டு’ இரண்டும் பொதுச் சொற்கள். படுக்கைப் பாயையும் விரிப்போம், கப்பல் பாயையும் விரிப்பார்கள். ஆனால் ‘பாய் போடு’ என்றால் அது தரையில்தான், எந்த மாலுமியும் கப்பலில் பாய் போட மாட்டார். ‘பாய் ஏற்று’, ‘பாய் இறக்கு’ என்றால் அது கடலில்தான். படுக்கைப் பாயை முடைவார்கள், பின்னுவார்கள். கப்பல் பாயைத் தைப்பார்கள். அண்ணன் மகள் எழுதிய வாக்கியத்தில் குழப்பம் வந்ததே ‘விரித்து’ என்ற அந்தப் பொதுச் சொல்லால்தான்.

இன்னொரு குழப்பமும் உண்டு, அது பெரியவர்களுக்கே வருகிறது. ‘பாய்மரத்தை விரித்துக் கப்பல் புறப்பட்டது’ என்று எழுதுகிறார்கள். மரத்தை எப்படி விரிப்பது? பாய்மரம் என்பது பாயைத் தாங்கும் மரம், நட்டுக்குத்தாக நிற்கும் கம்பம். அதில் ஏறுவது பாய். பாயின் மேல்விளிம்பைத் தாங்கிக் குறுக்கே இருக்கும் நீண்ட கழிக்குப் பழைய கப்பல்காரர்கள் பருமல் என்பார்கள். இப்போதைய சிறு படகுகளில் பாயின் கீழ்விளிம்பில் ஒரு கழி இருக்கும், பூம் என்று ஆங்கிலப் பெயரிலேயே சொல்கிறார்கள். காற்று பக்கம் மாறினால் அது ஒரே வீச்சில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரும். நண்பர் ஒருவர் என்னை முதல்முறை சிறு படகில் ஏற்றியபோது, “தலை” என்று ஒரே சொல்தான் கத்தினார். அர்த்தம் புரிவதற்குள் நெற்றி வீங்கிவிட்டது. சொல் விளக்கங்களில் எனக்கு மறக்காதது அதுதான்.

பாய்மரம் எப்படி இருக்கும் என்று குழந்தைக்குக் காட்ட வேண்டுமா? ஜார்ஜ்டவுனில் கார்ன்வாலிஸ் கோட்டைக்குக் கூட்டிப் போங்கள். கோட்டையின் கடலோர மூலையில் 1882இல் எழுப்பிய இரும்புக் கலங்கரை விளக்கம் இருக்கிறது. வழக்கமான வெள்ளைக் கோபுரம் போல இல்லாமல், கம்பமும் கம்பிகளுமாக 21 மீட்டர் உயரத்தில் நிற்கும். ஒரு கப்பலின் மரத்தைப் பிடுங்கிக் கரையில் நட்டு வைத்தது போலவே இருக்கும். பாய் மட்டும்தான் பாக்கி.

சரி, பாய் எப்படிக் கப்பலை நகர்த்துகிறது?

பின்னாலிருந்து காற்றடித்தால் விளக்கமே தேவையில்லை. பினாங்கு பெர்ரியின் மேல்தளத்தில் நின்று குடையை விரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காற்று குடையையும் நம்மையும் சேர்த்துத் தள்ளும். பழைய சதுரப் பாய்கள் பெரும்பாலும் அந்த வேலையைத்தான் செய்தன.

பக்கத்திலிருந்து வரும் காற்றில் ஓடுவதுதான் வித்தை. பாய் தட்டையான பலகை அல்ல, வயிறு வைத்த வளைவு. காற்று அந்த வளைவைத் தழுவிப் போகும்போது திசை திரும்புகிறது. காற்றை ஒரு பக்கம் திருப்பிவிட்டால், திருப்பிய பாய்க்கு மறுபக்கம் உந்துதல் கிடைக்கும். விமானத்தின் இறக்கை மேலே தூக்குவதும் இதே கணக்குதான், பாய் என்பது செங்குத்தாக நிற்கும் இறக்கை. ஆனால் அந்த உந்துதலில் பெரும்பகுதி படகைப் பக்கவாட்டில்தான் தள்ளப் பார்க்கும். அதற்காகவே படகின் அடியில் தண்ணீருக்குள் ஒரு பலகை நீட்டிக்கொண்டிருக்கிறது. அது பக்கவாட்டில் வழுக்கவிடாமல் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். மேலே காற்று அழுத்த, கீழே தண்ணீர் எதிர்க்க, மிச்சமிருக்கும் ஒரே வழி முன்னால் போவது. ஈரமான தர்பூசணி விதையை இரண்டு விரலால் அழுத்தினால் பீச்சிக்கொண்டு முன்னால் ஓடுமே, அதுதான் இது. இந்த உதாரணத்தை அண்ணன் மகள் உடனே செய்து பார்த்தாள். விதை என் சட்டையில் வந்து விழுந்தது.

காற்று வரும் திசையை நோக்கி நேராக மட்டும் எந்தப் பாயும் ஓடாது. நேராகத் திருப்பினால் பாய் வயிறு தளர்ந்து, உலர்த்திய வேட்டி போலப் படபடக்கும். படகு நின்றுவிடும். காற்றுக்கு இந்தப் பக்கம் ஏறத்தாழ 45 பாகை, அந்தப் பக்கம் 45 பாகை, அந்த இடைவெளிக்குள் போக முடியாது. அப்படியானால் எதிர்காற்றில் ஊர் போய்ச் சேருவது எப்படி? கோணல் கோணலாகத்தான். கொஞ்சம் வலப்பக்கம் ஓடி, திரும்பி இடப்பக்கம் ஓடி, மறுபடி வலப்பக்கம். ஆயர் ஈத்தாமிலிருந்து பாலிக் புலாவ் போகும் மலைச்சாலையில் ஏறியவர்களுக்கு இது பழக்கம். மலையில் நேராக ஏற முடியாததால்தானே சாலை அப்படி வளைகிறது.

வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் கையில் இருப்பது பாயின் மூலையில் கட்டிய கயிறு. இழுத்துப் பிடித்தால் பாய் காற்றை வாங்கும், தளர்த்தினால் காற்று வழிந்து போகும். திடீரென்று பெருங்காற்று வந்து படகு சாய்ந்தால், புதிதாக ஏறியவர்கள் பயத்தில் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள். செய்ய வேண்டியது நேர்மாறானது, கயிற்றை விட வேண்டும். மலாக்கா நீரிணையில் இது வெறும் பாடம் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், பெரும்பாலும் விடிவதற்கு முன், சுமத்ரா பக்கமிருந்து வரிசையாக மேகம் திரண்டு வந்து ஒரு மணி, இரண்டு மணி நேரம் ஆட்டிவைத்துவிட்டுப் போகும். அந்தக் காற்றுக்கே ‘சுமத்ரா’ என்றுதான் பெயர்.

பாய் இல்லாமல் பினாங்குத் தமிழர் கதையும் இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து இங்கே நேர்கோட்டில் அளந்தாலும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். இயந்திரம் வருவதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் அந்தத் தொலைவைக் கடந்தது முழுக்கப் பாயின் தயவில். தென்மேற்குக் காற்று கிழக்கே தள்ளும், வடகிழக்குக் காற்று மேற்கே திருப்பி அனுப்பும். காற்று மாறும்வரை துறைமுகத்திலேயே காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்தவர்கள் கடை போட்டார்கள், கல்யாணம் செய்தார்கள், பள்ளிவாசலும் கோவிலும் கட்டினார்கள். கடலிலிருந்து வருபவர்களுக்குக் கடாரத்தின், அதாவது இன்றைய கெடாவின், அடையாளம், 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஜெராய் மலை. பட்டர்வொர்த் பக்கமிருந்து வானம் தெளிவான நாளில் இன்றும் தெரியும்.

அந்தப் போக்குவரத்தில் சொற்களும் ஏறி இறங்கின. நம் ‘கப்பல்’ மலாய்க்குப் போய்க் ‘காப்பால்’ ஆனது. அங்கே விமானத்துக்கும் அதுதான், ‘காப்பால் தெர்பாங்’, பறக்கும் கப்பல். ‘மாலுமி’ நம் சொல் என்று நினைத்திருந்தேன். அது அரபியில் ஆசானைக் குறிக்கும் முஅல்லிம், அதே சொல் மலாயில் ‘மாலிம்’. சுக்கானும் அரபி, நங்கூரம் பாரசீகம். இத்தனை கடன் சொற்களுக்கு நடுவில் பாய் மட்டும் சுத்தமாக வீட்டுச் சொல்லாக இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

சூலியா தெருவில் இருக்கும் நாகூர் தர்காவைப் பார்த்திருப்பீர்கள், 1800களின் தொடக்கத்தில் எழுந்தது. அதன் மூலமான நாகூரில், கந்தூரி விழா தொடங்கும் முன் மினாராக்களில் பாய்மரம் ஏற்றுவது வழக்கம், பிறகு அதில் கொடி ஏறும். கப்பலில் போனவர்களின் தலத்தில், மரத்தின் பெயர் மட்டும் கரைக்கு வந்து தங்கிவிட்டது.

எங்கள் தாத்தா தலைமுறை பாய்க்கப்பலில் வரவில்லை. அவர்கள் பேசியது ரஜூலா பற்றித்தான். 1926இல் கட்டிய நீராவிக் கப்பல், சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இந்தப் பக்கத்துக்குமாகப் பல பத்தாண்டுகள் ஓடியது. அதில் பாய் என்றால், தளத்தில் இடம் பிடிக்க ஆளாளுக்குக் கையில் கொண்டுபோன படுக்கைப் பாய்தான். அப்படிப் பார்த்தால் அண்ணன் மகளின் வாக்கியம் அவ்வளவு தப்பில்லை, மாலுமிக்குப் பதில் பயணி என்று போட்டிருந்தால் போதும்.

இப்போது கொஞ்சம் மலாய்ப் பக்கம் போவோம், ஏனென்றால் அங்கேதான் கப்பல் பாயின் பெயர் புது வேலை தேடிக்கொண்டது. மலாயில் படுக்கும் பாய் ‘தீக்கார்’, கப்பல் பாய் ‘லாயார்’. இரண்டும் வேறு. லாயாரிலிருந்து ‘பெலாயார்’ வந்தது, கப்பலில் போவது. முதுகுத் துடுப்பைப் பாய் போல விரிக்கும் மீனுக்கு ‘ஈக்கான் லாயாரான்’ என்று பெயர். அப்புறம், எந்த விளம்பரப் பலகையின் அடியிலும் பாருங்கள்: ‘லாயாரி’ என்று எழுதி இணைய முகவரி போட்டிருப்பார்கள். எங்கள் அகப்பக்கத்துக்குப் பாய் விரித்து வாருங்கள் என்பதுதான் அதன் நேரடிப் பொருள். தினமும் கைப்பேசியில் பாய்க்கப்பல் ஓட்டுகிறோம், நமக்குத் தெரியவில்லை.

லாயாருக்குத் திரை என்றும் பொருள் உண்டு. சினிமாவை ‘லாயார் பேராக்’ என்பார்கள், சொல்லுக்குச் சொல் நம் வெள்ளித்திரை. தொங்கவிட்ட பெரிய துணி என்பதுதான் அங்கே ஒற்றுமை. தமிழில் ‘திரை’யும் ஒரு காலைக் கடலில் வைத்திருக்கிறது, அலைக்கும் அதுதான் பெயர். திரைகடல் ஓடியும் திரவியம் தேடு என்று சின்ன வயதில் ஒப்பித்தபோது, ஏதோ திரைச்சீலை போட்ட கடல் என்று நினைத்தவன் நான்.

துணிக்கு வந்தால் கேன்வஸ். சணலைக் குறிக்கும் பழைய லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். கப்பல் பாய் தைக்கும் முரட்டுத் துணிக்கு அதுதான் பெயராக இருந்தது. ஓவியர்கள் வரைந்ததும் அதன் மேல்தான். நம் தலைமுறைக்கு அது பள்ளிச் சப்பாத்து. ஞாயிற்றுக்கிழமை கழுவி, வெள்ளை பூசி, வெயிலில் சாய்த்து வைப்போமே அந்தக் கேன்வஸ் சப்பாத்து. 2021இலிருந்து பள்ளிகளில் கறுப்புச் சப்பாத்து வந்துவிட்டதால் இன்றைய பிள்ளைகளுக்கு அந்த வேலை மிச்சம்.

கேன்வஸ் என்று மலேசியாவில் நாம் சொல்லும் இன்னொன்றை, தமிழ்நாட்டில் தார்ப்பாய் என்பார்கள். லாரியின் மேல் போர்த்துவது, பந்தலுக்குக் கட்டுவது. ‘டார்பாலின்’ என்ற ஆங்கிலச் சொல் தமிழன் காதில் தாராகவும் பாயாகவும் விழுந்திருக்கிறது. துணியில் தார் பூசி நனையாமல் செய்ததும், அது பாய் போல விரிவதும் உண்மைதான் என்பதால், காது தப்பாகக் கேட்டும் பொருள் சரியாகப் பொருந்திவிட்டது. இப்படி அமைவது அபூர்வம்.

வினைச்சொல்லாக வரும் ‘பாய்’ தனி ரகம். புலி பாயும், வாய்க்காலில் தண்ணீர் பாயும், கம்பியில் மின்சாரம் பாயும், செய்தித்தாளில் சட்டம் பாயும். தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும். கப்பல் பாய்ந்து செல்ல உதவுவதால்தான் அது பாய் ஆனது என்று விளக்குகிறவர்களும் இருக்கிறார்கள். கேட்க அழகுதான், எனக்கு மனம் ஒப்பவில்லை. முடைந்த பாயைத் தூக்கிக் கட்டினார்கள், பெயரும் கூடவே ஏறியது. அதற்கு மேல் சுற்றி வளைக்க வேண்டாம்.

ஒலி ஒன்றாக இருந்தும் உறவே இல்லாத பாய்களும் உண்டு. மோட்டார் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு வரும் ரொட்டி பாய், வடநாட்டில் சகோதரனைக் குறிக்கும் சொல். ஆபீஸ் பாய் ஆங்கிலப் பையன். வாட்ஸ்அப்பில் ‘ஓகே பாய்’ என்று முடித்தால் அது விடைபெறுவது. புதிதாகத் தமிழ் படிப்பவர்கள் மேல் எனக்குப் பரிதாபம் வருவது இந்த இடத்தில்தான்.

வீட்டுப் பேச்சில் பாய் நிறையவே கிடைக்கும். நோயில் நெடுநாள் கிடப்பவர் பாயோடு பாயாகக் கிடக்கிறார். ஒருவரை எரிச்சலூட்டிப் பைத்தியம் பிடிக்க வைத்தால், பாயைப் பிறாண்ட வைத்துவிட்டான் என்போம். கல்யாணப் பந்திக்கென்றே நீளமாகப் பின்னிய பந்திப்பாய் இருந்தது, இப்போது மேசை நாற்காலி வந்துவிட்டது. ஒன்று மட்டும் இதில் சேராது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பதைப் பாய்க்கப்பலோடு சேர்த்துச் சொல்பவர்களைக் கேட்டிருக்கிறேன். அது களத்து மேட்டுச் சங்கதி, நெல்லிலிருந்து பதரைப் பிரிப்பது.

உண்மையான பாய்களைப் பார்க்க ஆசையென்றால் நவம்பரில் கடற்கரைக்குப் போகலாம். 1990இல் தொடங்கிய ராஜா மூடா சிலாங்கூர் பந்தயப் படகுகள் கிள்ளான் துறைமுகத்திலிருந்து கிளம்பி, பங்கோரையும் பினாங்கையும் தொட்டு லங்காவிக்குப் போகும். அண்ணன் மகளை இந்த வருடம் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

அதற்குள் போன வாரம் பட்டர்வொர்த் இரவுச் சந்தையில் அவளுக்கு ஒன்று பார்க்கக் கிடைத்தது. ஆப்பம் பாலிக் வாங்கிக்கொண்டிருந்தோம், திடீரென்று மழைக்காற்று. கடைக்கு மேலே கட்டியிருந்த கேன்வஸ் வயிறு வைத்துக்கொண்டு எழும்பியது. இரும்புக் கால்கள் தரையை விட்டுக் கிளம்பின. கடையில் வேலை பார்க்கும் பையன் மூலைக் கயிற்றைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்தான். எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னாலிருந்த கடைக்காரப் பெரியவர் தலையைக்கூடத் திருப்பாமல் கத்தினார்: “இழுக்காதடா, கயித்த விடு!”

பையன் விட்டான். கேன்வஸ் ஒரு முறை படபடவென்று அடித்துக்கொண்டு அடங்கியது. கால்கள் தரையில் உட்கார்ந்தன.

“சித்தப்பா, இவர் கப்பல்ல இருந்தாரா?” என்றாள் அவள்.